டைல்ஸைப் பார்த்தது போதும், ஒரு வால்வைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் பாக்கெட் பால் ஏன் சீக்கிரம் திரிந்துபோகிறது என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாடு வளர்ப்பவர் தண்ணீர் கலக்கிறார், வண்டிக்காரர் குளிர்ச்சியைக் காப்பாற்றுவதில்லை, கடைக்காரர் மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறார் என்று ஆளுக்கொரு பங்காகப் பழியைப் பிரித்துக் கொடுத்திருந்தார் நிருபர். இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் மாட்டுத் தொழுவத்துக்கும் கடைக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை இருக்கிறதே, அதற்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது: நவீன இயந்திரங்களில் கைபடாமல் பதப்படுத்தப்படுகிறது.

கைபடாமல் என்பது சரிதான். சில இடங்களில் வருடக்கணக்கில் யாருடைய கையும் பட்டதில்லை. குழாய்களுக்கு இடையே உட்கார்ந்திருக்கும் வால்வுகளைச் சொல்கிறேன்.

நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். கொங்குப் பகுதிப் பால் பதப்படுத்தும் நிலையங்களில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இப்போதும் கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வால்வு கழற்றி மாட்டிக் கொடுக்கிறேன். பனீர் போடுகிறவர், பாதாம் பால் பாட்டில் அடைக்கிறவர், மோர் பாக்கெட் போடுகிறவர், சில சமயம் மருந்துக் கம்பெனி என்று பல வாசல்களை மிதித்திருக்கிறேன். எந்தப் பத்திரிகையாளரும் பார்க்காத ஒன்றை இந்த வேலையில் தினமும் பார்க்கலாம்: வால்வின் உட்புறம்.

முதலில் கழுவும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பால் ஓடும் குழாயைத் தினமும் கழற்றிக் கழுவ முடியாது. அதனால் மாட்டியபடியே கழுவுகிறார்கள்; தொழிலில் இதை சி.ஐ.பி. என்போம். முதலில் தண்ணீர். பிறகு ஒன்று முதல் இரண்டு சதவீதக் காஸ்டிக் சோடா கரைசல், 75 அல்லது 80 டிகிரி சூட்டில். அது கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும். மறுபடி தண்ணீர். பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம், பாலின் உப்புகள் பால் கல்லாக இறுகிப் படியாமல் இருக்க. கடைசியாகத் தண்ணீர். கரைசல் குழாய்க்குள் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் நனைக்குமே தவிரத் தேய்க்காது. நேரான குழாய்க்கு இந்த முறை அருமையானது. உள்ளே விரலை விட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். சிக்கல் தொடங்குவது வால்வில்.

சிறு தொழிற்கூடங்களில் நான் அதிகம் பார்ப்பது ஹார்ட்வேர் கடையில் விற்கிற பந்து வால்வு. தோட்டத்துத் தண்ணீர் லைனுக்குப் போடுகிற அதே சாமான், உலோகம் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே ஓட்டை போட்ட ஒரு உருண்டை இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் ஓட்டை குழாய்க்கு நேராக வரும், பால் போகும். குறுக்கே திருப்பினால் அடைக்கும். எளிமையான அமைப்பு, ஒழுகாது, மலிவு. ஆனால் உருண்டைக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே ஒரு காலி இடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கொஞ்சம் பால் அங்கே போய் அடைபடும். சி.ஐ.பி. ஓடும்போது வால்வு முழுதாகத் திறந்திருக்குமா? காஸ்டிக் உருண்டையின் ஓட்டை வழியாக நேரே போய்விடும். சுற்றியுள்ள இடத்தை எட்டிக்கூடப் பார்க்காது. அப்படி ஒரு வால்வைப் பிரித்தால் மஞ்சள் நிறத்தில் களிம்பு இருக்கும். அந்த வாடை கைரேகையில் ஏறிவிட்டால் இரண்டு சோப்பு போட்டாலும் போகாது. மறுநாள் காலையில் அந்த வழியாகப் போகிற புதுப் பால் இந்தக் களிம்பைத் தொட்டுக்கொண்டுதான் பாக்கெட்டுக்குள் இறங்குகிறது. 72 டிகிரியில் 15 வினாடி காய்ச்சிக் கிருமிகளைக் கொன்றாயிற்று என்று லேப் சீட்டு சொல்லும். பொய் இல்லை. காய்ச்சிய பிறகு அந்தப் பால் கடந்து வந்த வால்வைப் பற்றி அந்தச் சீட்டில் ஒன்றும் இருக்காது.

கழற்றிக் காட்டினால் முதலாளிகள் அதிர்ச்சி அடைவார்கள் என்று நினைக்க வேண்டாம். "எஸ்.எஸ். தானே அண்ணா, துருப்பிடிக்காதே" என்பார்கள். துருவைப் பற்றி யார் பேசினார்கள்?

அவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பாலுக்கென்றே செய்த வால்வு வேண்டுமென்றால் குஜராத்திலிருந்தோ மும்பைப் பக்கத்திலிருந்தோ வரவழைக்க வேண்டும். விலை கடை வால்வைப் போலப் பல மடங்கு. இரவு பன்னிரண்டு மணிக்கு லைன் ஒழுகினால் பக்கத்துத் தெருக் கடையில் கிடைப்பதைத்தான் மாட்டுவார்கள். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று மாட்டியது அப்படியே குடியேறிவிடும்.

இதற்குப் பதிலாக வெளிநாட்டுத் தானியங்கி வால்வு வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிறு நிலையத்துக்கு சாதாரண பட்டர்ஃபிளை வால்வு போதும். நடுவில் ஒரு தட்டு, சுற்றி ஒரு ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் கிளாம்ப். ஸ்பேனர் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டலாம். பிரிக்க முடிகிறது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் பிரிக்க வேண்டும். மாட்டிய நாளிலிருந்து தட்டின் அச்சு நுழையும் இடத்தைத் திறந்தே பார்க்காத பட்டர்ஃபிளை வால்வுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அச்சுக்கும் ரப்பருக்கும் நடுவே கறுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும், கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி.

காஸ்கெட் கதை தனிக் கதை. குழாய் இணைப்பில் போடும் இந்த ரப்பர் வளையம் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற பொருள். அதில்தான் எல்லோருக்கும் சிக்கனம் வரும். அளவு சிறியதாக இருந்தால் இணைப்பில் பள்ளம் விழுந்து பால் தேங்கும். பெரியதைப் போட்டு இறுக்கினால் உள்ளே பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் தேங்கும். ஈ.பி.டி.எம். ரப்பர் சூட்டையும் காஸ்டிக்கையும் நன்றாகத் தாங்கும், ஆனால் கொழுப்பு அதற்கு ஆகாது. நெய் லைனில் போட்டால் ஊறி உப்பிவிடும், அங்கே நைட்ரைல் போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த ஸ்டோர் கீப்பரைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) பழைய ரப்பர் ஷீட்டைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். எந்த ரப்பர் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், "கறுப்பு ரப்பர்".

பெரிய நிலையங்களில் இந்தக் கூத்து இல்லை, அங்கே வேறு கூத்து. ஒரே இடத்தில் ஒரு குழாயில் பாலும் இன்னொரு குழாயில் காஸ்டிக்கும் ஓட வேண்டியிருக்கும். இரண்டும் சந்திக்கும் முனையில் இரட்டை அடைப்பு வால்வு போடுவார்கள். நல்ல மூளைக்காரன் செய்த சாமான் அது. மேலே ஒரு அடைப்பு, கீழே ஒரு அடைப்பு, நடுவே வெளியே திறந்திருக்கும் ஒரு துவாரம். எந்த ரப்பர் தேய்ந்தாலும் கசிவது பாலோடு கலக்காமல் அந்தத் துவாரம் வழியாகத் தரையில் சொட்டும். சொட்டினால் ஆபரேட்டருக்குத் தெரியும், ஃபிட்டரைக் கூப்பிடுவார், ரப்பர் மாற்றப்படும். இதற்காகத்தான் அத்தனை விலை.

நான் வேலைக்குப் போன ஒரு நிலையத்தில் அந்தத் துவாரத்தில் மர ஆப்பு அடித்து வைத்திருந்தார்கள். தரை ஈரமாகிறதாம். மறுநாள் ஆடிட் இருந்ததாம். ஆடிட்டுக்கு வந்தவர் காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு டிக் போட்டுப் போயிருக்கிறார். ஆப்பு மட்டும் அங்கேயே இருந்தது. துவாரத்தை அடைத்தபின் கசிவு எங்கே போகும்? ஒரு அடைப்பு தேய்ந்தால் நடு அறை நிறையும்; இன்னொன்றும் தேய்ந்தால் காஸ்டிக் பாலுக்குள் போகும், அல்லது பச்சைப் பால் காய்ச்சிய பாலுக்குள் போகும். லட்ச ரூபாய் வால்வை இரண்டு ரூபாய் மரத்துண்டு கடை வால்வாக மாற்றிவிட்டது. அதைப் பிடுங்கி மேலாளர் மேஜையில் வைத்தேன். அவர் முதலில் கேட்டது, "இப்போது தரை நனையுமே, என்ன செய்வது?"

பச்சைப் பாலும் காய்ச்சிய பாலும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 1985-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவை ஒட்டிய மெல்ரோஸ் பார்க்கில் இருந்த ஒரு பால் நிலையத்தின் பாலைக் குடித்து 16,000-க்கும் மேற்பட்டோருக்கு சால்மோனெல்லா என்ற குடல் கிருமியின் தொற்று ஆய்வகத்தில் உறுதியானது. சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்று கணித்தார்கள். அது ஓட்டை உடைசலான நிலையம் அல்ல, அந்தக் காலத்துக்கு நவீனமானது. விசாரணையில் வலுவாகச் சந்தேகிக்கப்பட்டது, பச்சைப் பால் பக்கமும் காய்ச்சிய பால் பக்கமும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளக்கூடிய ஒரு குழாய் இணைப்பு. அந்த நிலையம் மூடப்பட்டது.

ஜப்பானில் 2000-ம் ஆண்டு ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் ஒசாகா நிலையத்துப் பாலைக் குடித்து 13,000-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அங்கே முதலில் மாட்டியது ஒரு வால்வு. அதன் உள்ளே நாணய அளவுக்குப் பால் உறைந்து கிடந்தது என்றும், வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டியதை மூன்று வாரமாகக் கழுவவில்லை என்றும் செய்தி வந்தது. ஆனால் விசாரணை நீண்டபோது உண்மையான காரணம் வேறிடத்தில் கிடைத்தது. ஹொக்கைடோவில் உள்ள அதே நிறுவனத்தின் தாய்கி ஆலையில், மார்ச் மாதம் மின்சாரம் தடைபட்டபோது சூடாகவே தேங்கி நின்ற பாலில் கிருமி பெருகி நச்சு உண்டாகியிருந்தது. அந்தப் பாலில் செய்த பவுடர் ஒசாகா வரைக்கும் வந்திருந்தது. எங்கள் ஃபிட்டர் ஜாதிக்கு இந்த முடிவு ஆறுதலாக இருக்கலாம். எனக்கு இல்லை. இந்த முறை விஷம் பவுடரில் வந்தது என்பதால் அந்த வால்வு சுத்தமாகிவிடாது. அத்தனை பெரிய நிறுவனத்தில், விபத்து நடந்து அதிகாரிகள் வந்து கழற்றும் வரை அதை யாரும் திறக்கவில்லை.

இன்னொன்றையும் அந்த ஜப்பான் கதை காட்டுகிறது. அங்கே பெருகிய ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சூட்டில் சாகும், அது விட்டுப்போகிற நச்சு சாகாது. நம் வீடுகளில் பாக்கெட் பாலையும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். எத்தனையோ தொழிற்சாலைகளின் மானத்தை நம் வீட்டுப் பெண்களின் பால் பாத்திரம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த நச்சை அந்தப் பாத்திரமும் தடுக்காது. மேலும், இப்போது விற்பனை ஏறுவது எதில்? மோர் பாக்கெட்டில், லஸ்ஸியில், ரோஸ் மில்க்கில், பாதாம் பாலில். எவராவது ரோஸ் மில்க்கைக் காய்ச்சிக் குடிக்கிறார்களா?

மருந்துக் கம்பெனிக்குள் போனால் உலகமே வேறு. அங்கே பெரும்பாலும் டயஃப்ரம் வால்வு. ஒரு ரப்பர் சவ்வு மேலிருந்து இறங்கி நடுவே உள்ள மேட்டில் அழுந்தி அடைக்கும். இயங்கும் பாகங்கள் எல்லாம் சவ்வுக்கு மேலே, திரவம் கீழே, இரண்டும் சந்திக்காது. இதில் வேடிக்கை, இந்த வால்வு மருந்துக்காகப் பிறந்ததே இல்லை. 1920-களின் இறுதியில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தண்ணீரும் அழுத்தக் காற்றும் வால்வுகளில் கசிந்து வீணாவதைப் பார்த்து சாண்டர்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கியது. சுரங்கப் புழுதிக்குச் செய்தது ஊசி மருந்துத் தண்ணீருக்கு வந்து சேர்ந்தது. அதைப் படுக்கைவாட்டில் மாட்டும்போது ஒரு குறிப்பிட்ட சாய்வில் மாட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே சொட்டுத் தண்ணீர் நிற்காமல் வடியும். அந்தச் சாய்வுக்கு வால்வின் உடலிலேயே கோடு போட்டிருப்பார்கள். கோடு எதற்கு என்று தெரியாமல் நிமிர்த்தி மாட்டிய ஆட்களும் உண்டு. ஆனால் அங்கே அடுத்த நாளே ஒருவர் வந்து பார்த்துவிடுவார். ஒவ்வொரு வால்வுக்கும் எண் உண்டு. சவ்வு எந்த பேட்ச், எப்போது மாட்டியது, 121 டிகிரி நீராவியில் எத்தனை முறை வெந்தது, எப்போது மாற்ற வேண்டும் என்று ஏடு உண்டு. கிளைக் குழாய் எவ்வளவு நீளமாக இருக்கலாம், அதாவது எவ்வளவு தண்ணீர் தேங்கலாம் என்பதற்கே கணக்கு: குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் பார்க்கிறார்கள். ஏடு இல்லாவிட்டால் மருந்து வெளியே போகாது.

அதே சிப்காட்டில் நான்கு கட்டடம் தள்ளி இருக்கும் பால் நிலையத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு கிடையாது. மாத்திரை விழுங்குகிறவருக்குக் கொடுக்கும் மரியாதையைப் பால் குடிக்கும் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த உரிமம் குறித்த விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. கருவிகள் எளிதில் கழுவக்கூடியதாக, அரிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்று அதில் உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுவரில் டைல்ஸ், ஜன்னலில் கொசுவலை, தலையில் தொப்பி, வாசலில் கால் கழுவும் தொட்டி, சுவரில் உரிமச் சான்று. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பால் டைல்ஸின் மேல் ஓடுவதில்லை. ஒரு அதிகாரிகூட ஒரு வால்வைக் காட்டி, இதைக் கழற்றுங்கள் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. வேண்டுமென்று விடுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஆள் டீக்கடை, ஹோட்டல், மசாலா மில், பால் நிலையம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வால்வுக்குள் எங்கே பார்ப்பது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பெரிய நிறுவனங்கள் உடனே ஒரு அட்டையை எடுத்துக் காட்டும். பால் கருவிகளின் சுகாதாரத்துக்கு அமெரிக்காவில் தரும் த்ரீ-ஏ முத்திரை, 1989-ல் தொடங்கிய ஐரோப்பியச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் சான்று, உட்புறச் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்கு மேல் இல்லை என்று. நல்ல முத்திரைகள்தான், வால்வு வாங்கும்போது கேட்க வேண்டியவைதான். ஆனால் அவை சொல்வது, இந்த வால்வைக் கழுவ முடியும் என்று மட்டுமே. கழுவினீர்களா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. பால், மோர், பழக்கூழ், பானம் எதுவானாலும், உரிமம் புதுப்பிக்கும்போது வால்வுப் பட்டியல் ஒன்றை இணைக்கச் சொல்ல வேண்டும்: எத்தனை வால்வு, எந்த வகை, காஸ்கெட் எந்த ரப்பர், கடைசியாக எப்போது மாற்றியது. ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். காய்ச்சிய பிறகு வரும் லைனில் பந்து வால்வு கூடாது என்று ஒரே வரியில் தடை போட வேண்டும். உடனே முடியாதென்றால் ஒரு வருடம் அவகாசம் கொடுக்கட்டும், அதுவரை சி.ஐ.பி. ஓடும்போது கைப்பிடியைப் பாதி மூடி மூடித் திறந்துகொண்டாவது இருக்கட்டும், கொஞ்சமாவது உள்ளே போகும். கோவையில் வால்வு வார்க்கத் தெரியாத பட்டறை உண்டா என்ன? பால் வால்வைச் சிறு நிலையக்காரர் வாங்கும் விலையில் செய்து கொடுக்க அரசு கொஞ்சம் முனைந்தால், இரவு பன்னிரண்டு மணிக்கும் கிடைக்கிற மாதிரி உள்ளூர்க் கடையில் வைக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன. சீசன் நேரத்தில் நார் சிக்கி வால்வு மூடாமல் நிற்கும்போது சுத்தியலால் தட்டுகிறார்கள், தட்டு வளைகிறது, அப்புறம் அது எப்போதுமே சரியாக மூடுவதில்லை. மாற்று வால்வு ஒன்று அலமாரியில் இருந்தால் யாரும் சுத்தியலை எடுக்க மாட்டார்கள்.

ஆய்வுக்குப் போகும் அதிகாரிக்கும், அடுத்த கட்டுரைக்காகப் போகும் தங்கள் நிருபருக்கும் ஒரு வேண்டுகோள். வால்வைக் கழற்றிக் காட்டச் சொல்லும்போது சி.ஐ.பி. முடிந்து, எல்லாம் சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகு சொல்லுங்கள். அதற்கு முன் திறந்தால் உள்ளே பால் இருப்பது இயல்பு, ஒன்றும் நிரூபணமாகாது. எந்த வால்வு என்பதை அவர்கள் தேர்வு செய்ய விடாதீர்கள். கண்ணுக்கு நேராக இருப்பதை விட்டுவிட்டு, ஏணி போட்டு எட்ட வேண்டியதையோ டேங்கின் அடியில் குனிந்து பார்க்க வேண்டியதையோ காட்டுங்கள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ரப்பரின் பின்பக்கம் ஒரு சுற்றுத் துடையுங்கள். இரட்டை அடைப்பு வால்வாக இருந்தால் அடியில் உள்ள துவாரத்தில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பேனர் இல்லை, ஃபிட்டர் லீவு என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் நிலைய ஃபிட்டர்,
கோபிசெட்டிபாளையம்.

(இன்னும் இந்த நிலையங்களில்தான் வேலைக்குப் போய்வருகிறேன் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)